விட்ட குழி

கல்லறைத் தோட்டத்தை அளந்த அன்று பங்குச் சாமியார் இருந்தார். சர்வேயரும் டேப் பிடிக்க அவரோடு வந்த ஆளும் இருந்தார்கள். மேற்கே ஒட்டியிருக்கும் புஞ்சைக்காரரும் அவர் மகனும் இருந்தார்கள். நான் இருந்தேன். அப்பா வரவில்லை. அக்கா திருப்பூரிலிருந்து, கம்பெனியில் லீவு தரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாள். அம்மா அங்கேதான் இருந்தாள், மூன்று வருஷமாக. அவள் கோயில் நிலத்தில் இருக்கிறாளா, புஞ்சைக்காரர் நிலத்தில் இருக்கிறாளா என்பதுதான் அன்று தெரியவேண்டியிருந்தது.

அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது வேறு யாரும் இல்லை. நான் எழுதிய வரலாறுதான்.

திண்டுக்கல்லில் குஜிலியம்பாறை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அந்தப் பக்கத்துச் சமவெளியில் முதன்முதலில் எழும்பிய கோயில் எங்களுடையது என்று சொல்லுவார்கள். பழைய கோயில் இன்னும் நிற்கிறது. ஓடு பாதி சரிந்துவிட்டது. உள்ளே சப்பரமும் பந்தல் கம்பும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கின்றன. பூசை நடப்பது பக்கத்தில் கட்டிய கான்கிரீட் கோயிலில். அந்த வருஷம் கோயிலுக்கு விழா வருஷம். விழா மலர் போடவேண்டும், அதில் கோயிலின் வரலாறு வரவேண்டும் என்று பங்குப் பேரவையில் முடிவு செய்தார்கள். யார் எழுதுவது என்று வந்தபோது சாமியார் பின் வரிசையைப் பார்த்தார்.

"நீதானேப்பா எம்.ஏ. ஹிஸ்டரி?"

நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு மில்லுக்குப் போனாள். நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு டியூஷன் சென்டரில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன், இப்போதும் அதுதான். பேரவையில் என்னை எழுப்பி ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "எழுது. எழுத்துப்பிழை இல்லாம எழுது" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

அப்பா குழி வெட்டுகிறவர். அவருடைய அய்யாவும் அதே கோயிலுக்குக் குழி வெட்டினவர்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "இன்னிக்கு குழி இருக்கு" என்றால் ஊரில் சாவு, அப்பா ஒன்றும் சாப்பிடாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போவார். "இந்த மாசம் குழியே இல்ல" என்றால் அம்மா முருங்கைத் தோப்புக்குக் காய் பறிக்கக் கூலிக்குப் போகவேண்டும். "குழி இல்லைன்னு சாமியைக் குத்தம் சொல்ல முடியுமா?" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

வரலாறு எழுதுவது என்றால் என்னவென்று எனக்குப் படிப்பில் சொல்லித்தந்தது வேறு. இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கறி எடுக்கப் போனபிறகு, நான் மட்டும் பழைய கோயிலுக்குள் போய்ச் செல்போன் வெளிச்சத்தில் சுவரைத் தடவிக்கொண்டிருப்பேன். பழைய பதிவேடுகளைத் தேடி ஆயர் இல்லத்துக்கு இரண்டு தடவை போனேன். கறையான் விட்டுவைத்த பக்கங்களில் சாமியார்கள் பெயர் இருந்தது, கோயில் மணி வந்த கதை இருந்தது. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருவர், வெள்ளைக்காரச் சாமியார் குதிரையில் வந்தார் என்றார். அவர் தம்பி, இல்லை கழுதையில் வந்தார் என்றார். அதற்கே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. எல்லாக் கதையிலும் கட்டினவர் இருந்தார், காசு கொடுத்தவர் இருந்தார். யார் குழி வெட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்டபோது பேரவைச் செயலர், "அதெல்லாமா மலர்ல போடுவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் டிபன்பாக்ஸைத் திறப்பேன். முன்னால் சாமியார்கள் இரண்டு பேருக்குப் பளிங்கு. அடுத்து சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டின குடும்பக் கல்லறைகள். அதற்குப் பின்னால் எல்லாம் மண்மேடுதான். மேற்குக் கடைசியில், எல்லா மேட்டையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி, அம்மா. மரச்சிலுவையின் அடியைக் கறையான் தின்றுவிட்டதால் சிலுவை சாய்ந்தே நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் தூரத்தில் போவார்கள். பேரவைச் செயலர் ஒருநாள் பைக்கை நிறுத்தி, "என்னப்பா, ஆவிங்ககிட்டப் பேட்டி எடுக்குறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அம்மா ஏன் தள்ளி இருக்கிறாள் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் குழி வெட்டுகிறவர் தன் வீட்டுச் சாவுக்குத் தானே கடப்பாரையைத் தொடமாட்டார். அம்மா செத்தபோது பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு எங்கள் தோட்டம் பழக்கம் இல்லை. உள்ளே எங்கே குத்தினாலும் கடப்பாரை இறங்காத சுக்கான் கல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வீட்டில் ஐஸ்பெட்டி வாடகைக்கு நின்றது. மேற்கே முள்வேலி விழுந்து கிடந்த இடத்தில் மண் இளசாக இருந்ததைப் பார்த்து அங்கே வெட்டிவிட்டார்கள். "பரவால்ல, அவளுக்குக் காத்தாட இருக்கும்" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மண் ஏன் இளசாக இருந்தது என்று யாரும் அன்று யோசிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத மண் இளசாகத்தான் இருக்கும்.

கல்லைக் கண்டுபிடித்தது புரட்டாசியில். தோட்டத்து வாசலில் படியாகக் கிடந்த கல் அது. அப்பா வருஷக்கணக்காக அதில்தான் மண்வெட்டியைத் தீட்டுவார். மழைக்கு மண் அரித்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே கைவிட்டுப் பார்த்தேன். விரலுக்கு எழுத்து தட்டியது.

அப்பாவும் நானும் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். மேல்பாதி உடைந்து போயிருந்தது. தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: "விட்ட குழி ௬௰". கடைசி இரண்டையும் முதலில் "சுய" என்று படித்தேன். விட்ட குழி சுய. இரண்டு நாள் அதோடு அல்லாடினேன். பிறகு செல்போனில் தேடியபோது அது எழுத்து இல்லை, பழைய தமிழ் எண் என்று தெரிந்தது. ஆறும் பத்தும். அறுபது.

அறுபது குழி. உடைந்துபோன மேல்பாதியில் என்ன இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை, அதுவாக வந்து உட்கார்ந்துவிட்டது. உயிர். உயிர் விட்ட. ஏதோ கொள்ளைநோயில் உயிர் விட்டவர்களுக்கு வெட்டிய அறுபது குழிகள். எனக்குச் சந்தேகம் வந்தது எண்ணின் மேல்தான். அதை மூன்று இடத்தில் சரிபார்த்தேன். குழி என்ற சொல்லின் மேல் சந்தேகமே வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அறுபதா?"

"அறுபதுப்பா."

"ஏலே, சுக்கான்ல ஒரே ஆளு அறுபது வெட்டிர முடியாது. எங்க அய்யாவுக்கு அய்யா காலமா இருக்கும். கூடமாட ஆளு நின்னுருக்கும்." கொஞ்சம் சோறு உருட்டினார். "அம்புட்டுப் பேருக்கும் வெட்டிருக்காக. ஒருத்தருக்கும் தெரியல பாரு."

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அம்மா போனபிறகு பார்க்கவில்லை. எனக்கும் அப்படித்தான். முதல் தடவையாகக் கோயில் வரலாற்றில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள், கையில் கடப்பாரையோடு. அதற்குமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றவில்லை. டிபன்பாக்ஸைத் திறக்கும்போது அந்த அறுபது பேரும் சுற்றி இருப்பதுபோல இருக்கும்.

மலரில் நான்கு பக்கம் வந்தது. கல்லின் போட்டோவும் வந்தது. சாமியார் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று அறுபது பேருக்கும் சேர்த்துச் செபம் சொல்லி மந்திரிப்பது என்று முடிவாயிற்று. கல்லைக் கழுவி வாசல் பக்கம் நிறுத்தினோம். நிலக்கோட்டையிலிருந்து மாலை வந்தது. அறுபது மெழுகுவர்த்தி வாங்கி வரிசையாக நட்டார்கள். பொம்பளைகள் அழுதார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பூட்டியும் இதுல இருப்பாளாப்பா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அப்பா வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றார். செயலர் வந்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

விழா வருஷம் என்பதால் அசனம் வைத்திருந்தார்கள். சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே சாப்பாடு. மேற்குப் புஞ்சைக்காரரும் வந்திருந்தார். அவர்கள் கோயில்காரர்கள் இல்லை, ஆனால் அசனத்துக்கு எப்போதும் வருவார். கைகழுவிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டே கல்லின் முன்னால் வந்து நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"விட்ட குழி... இது என்ன, தம்பி?"

"அறுபதுங்கய்யா. பழைய எண்ணு."

"அறுபது குழி!" அவர் முகம் விரிந்தது. "அட, அப்ப நெசந்தான். எங்க பாட்டன் கோயிலுக்கு மானியம் விட்டாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. எம்புட்டுன்னு தெரியாம கெடந்துச்சு. மூணு குழி ஒரு சென்ட்டு. இருபது சென்ட்டு விட்டுருக்காரு, பாருங்க!" சத்தம்போட்டு மகனைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க வா. ஒங்க பூட்டன் நெலம் விட்டதக் கல்லுல வெட்டி வச்சுருக்காக!"

விட்ட குழி. மானியமாக விட்ட குழி. நிலத்தைக் குழிக்கணக்கில் அளப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. பாடத்தில்கூட நடத்தியிருக்கிறேன். நிலம் இருந்த வீட்டில் அந்தச் சொல் முதலில் நிலமாகத்தான் காதில் விழும். எங்களிடம் நிலம் இருந்ததில்லை.

அவர் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அறுபது மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மெதுவாக எழுந்து, நாற்காலியை மடக்கி, சுவரோரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

சாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், "மந்திரிச்சது வீணாப் போவாது. யாருக்காவது போய்ச் சேரும்" என்றார். ஊரில் சிலர் சிரித்தார்கள். டீக்கடையில் ஒருவர், "இல்லாத பொணத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்துன ஒரே ஊரு நம்ம ஊருதான்" என்றாராம். அது எனக்குப் பெரிதாகப்படவில்லை. அறுபது பேர் இல்லாமல் போனதுதான் பெரிதாக இருந்தது. அவர்களுக்காகத் துக்கம் கேட்கக்கூட யாரிடமும் போக முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன்பாக்ஸோடு போனபோது தோட்டத்தில் அம்மா மட்டும்தான் இருந்தாள்.

அவளும் அங்கே இருக்கப்போகிறாளா என்ற பேச்சு அந்த வாரமே வந்துவிட்டது. புஞ்சைக்காரரின் மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர். மழை இல்லாமல் மூன்று வருஷம் நஷ்டம். புஞ்சையைப் பிளாட் போட்டு விற்க ஏற்பாடு செய்திருந்தார். பிளாட் போட எல்லை தெரியவேண்டும். கோயிலுக்கும் சுற்றுச்சுவர் கட்ட எல்லை தெரியவேண்டும். இதுவரை யாரும் கேட்காததால் யாரும் அளந்ததில்லை. இப்போது அறுபது குழி என்று கல்லே சொல்லிவிட்டது. வேலி விழுந்த இடத்தில் தோட்டம் மேற்கே கொஞ்சம் வழிந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த வழிந்த பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு மேடு.

அளக்கிற அன்று காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நான் வரல. நான் அங்க நின்னா டேப் பிடிக்கிறவன் கையி எளகும். நீ போ. உள்ளதுபடி அளக்கட்டும்."

கிழக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். சர்வேயர் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகக் கல் தேடினார். படத்திலும் இருபது சென்ட்டுதான். டேப் பளிங்குக் கல்லறைகளைத் தாண்டியது. டைல்ஸ் கல்லறைகளைத் தாண்டியது. மண்மேடுகளுக்கு இடையில் வரும்போது நான் அதன் முனையை மட்டும் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். அம்மாவுக்கு ஒரு கை தூரத்துக்கு முன்னால் நின்றது. டேப் பிடித்த ஆள் என்னைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா என்பதுபோல ஒரு தடவை உதறினார். முடியவில்லை. அந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பக்கம் அம்மா.

புஞ்சைக்காரர்தான் முதலில் பேசினார். "இது எனக்குத் தெரியாது அப்பு. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கி வாயத் தொறந்துருக்க மாட்டேன்."

சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அனுமதி வாங்கி எடுத்து உள்ளே வைத்துவிடலாமா, அதற்கான பூசையைத் தானே செய்துதருகிறேன் என்று கேட்டார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். சொன்னேன்.

"எடுத்து வைக்கிறதா? யாரு எடுக்கிறது? நான் தொடக்கூடாது. வெளியாளு மறுபடி வந்து, மறுபடி இளசாப் பாத்து எங்கயாச்சும் வைப்பான்." கோடாலியைக் கீழே போட்டார். "உசுரோட இருக்கையில மூணு வாடகை வீடு மாத்துனோம். இனி அவளக் கெளப்ப மாட்டேன்."

மறுநாள் இரண்டு பேரும் புஞ்சைக்காரர் வீட்டுக்குப் போனோம். அப்பா உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றார்.

"அய்யா, எனக்கு ஒரு குழி வேணும்."

புஞ்சைக்காரருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். "என்னப்பா இது, எங்க பாட்டன் அறுபது விட்டாரு, நான் ஒண்ணு விடமாட்டனா? சும்மா வச்சுக்க. பணம்னு பேசாத."

மகன் தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை. "அப்பா, வாய்ச்சொல்லா விட்டா லேஅவுட்ல எப்பிடிக் காட்டுறது? வாங்குறவன் நாளைக்கு வந்து, என் பிளாட்டுல பொணம் கெடக்குன்னு கேசு போடுவான்."

"தம்பி சொல்றதுதான் சரி," என்றார் அப்பா. "சும்மா வேணாங்கய்யா. சும்மா விட்டதுலதான் இம்புட்டும் வந்துச்சு. வெல போட்டுச் சொல்லுங்க. எழுதி வாங்கிக்கிறேன்."

பத்திரம் எழுதுகிறவர், என்ன நிலம், மனையா புஞ்சையா என்று கேட்டார். புஞ்சை. அளவு? ஒரு குழி என்றார் அப்பா. "இப்பல்லாம் குழின்னு எழுதமாட்டாங்க பெரியவரே" என்று சொல்லி, நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி என்று எழுதினார். நான் படித்துக்காட்டினேன். அப்பா கைநாட்டு வைத்தார். எங்கள் பரம்பரையில் யாரும் வாங்கிய முதல் நிலம் அது.

சுற்றுச்சுவர் பங்குனியில் எழும்பியது. மேற்குப் பக்கம் நேராகப் போகிற சுவர் ஓர் இடத்தில் மட்டும் வெளியே மடங்கி, பெட்டிபோல அம்மாவைச் சுற்றிவிட்டுத் திரும்ப நேராகப் போகும். அந்த மடக்குக்கு ஆகும் கல்லும் கூலியும் எங்கள் கணக்கு என்று பேரவையில் சொன்னார்கள், ஒத்துக்கொண்டோம். கல்லை அப்பா திரும்ப வாசலிலேயே போடச் சொன்னார், எழுத்து மேலே தெரியும்படி. மண்வெட்டியை இப்போது வேறு கல்லில் தீட்டுகிறார். போன கல்லறைத் திருநாளுக்கும் இரண்டு மூன்று கிழவிகள் அந்தக் கல்லின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அறுபது பேருக்காம். மாலை மிச்சம் இருந்ததை அதன்மேல் போட்டுவிட்டு, மடக்குக்குள் போய் அம்மாவோடு உட்கார்ந்தேன். அந்த இடத்தில் மூன்று நான்கு பேர் உட்காரத்தான் முடியும்.

அக்கா போனில், "எல்லாஞ் சேத்து எம்புட்டுடா ஆச்சு?" என்று கேட்டாள். பாதி அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. அதனால் கூட்டிச் சொன்னேன். நிலம், பத்திரம், மடக்குச் சுவர், கறையான் ஏறாத ஒரு இரும்புச் சிலுவை. நாற்பத்தேழாயிரத்து எண்ணூறு ரூபாய்.